நீரிணைக் காலம் – 11: பெய்ஜிங்கில் மலாக்காவின் வழக்கு

1521ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பெய்ஜிங் நகரில் இரண்டு தூதுக்குழுக்கள் பேரரசரின் முகம் பார்க்கக் காத்துக் கிடந்தன. ஒன்று போர்த்துகல் மன்னர் மானுவல் அனுப்பியது. மிங் அரசவையை நாடி ஓர் ஐரோப்பிய அரசு அனுப்பிய முதல் தூது அதுதான். அதன் தலைவர் தோமே பீரெஸ் என்ற மருந்து வல்லுநர். மற்றொன்று, மலாக்காவைப் பறிகொடுத்துவிட்டுப் பிந்தான் தீவில் அரசு நடத்திக்கொண்டிருந்த சுல்தான் மஹ்மூத் ஷா அனுப்பியது. தலைவர் துவான் முகமது. முதல் குழு நட்பும் வணிகமும் கேட்டது. அந்த நட்பைக் கேட்பவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள், வரும் வழியில் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்ல இரண்டாவது குழு வந்திருந்தது.

பீரெஸின் தூது படுதோல்வி அடைந்தது. போர்த்துகீசியருக்குச் சீனச் சடங்குகள் தெரியவில்லை, துறைமுகத்தில் பீரங்கி வெடித்தார்கள், பேரரசர் அகாலமாக இறந்துபோனார் என்றெல்லாம் அதற்குக் காரணங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. எல்லாம் உண்மையே. ஆனாலும் இவற்றுக்கெல்லாம் அடியில் கிடப்பது 1511இல் போர்த்துகீசியர் மலாக்காவைப் பிடித்தது என்பதே என் முடிவு. மலாக்காவில் செய்ததற்கு பெய்ஜிங்கில் கணக்குக் கேட்கப்பட்டது. நாம் தமிழில் இதைப் படிக்க வேண்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு: வழக்கின் இரு தரப்பிலும் நம்மவர் கை இருந்தது.

சென்ற பகுதியில் போர்த்துகீசிய ஆளுநர் அல்புகர்க் மலாக்காவை வீழ்த்தியது வரை பார்த்தோம். அந்த நகரில் அப்போது கெலிங் வணிகர்கள், அதாவது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் வணிகர்கள், பெருஞ்செல்வாக்கோடு இருந்தார்கள். அவர்களில் முதல்வர் போர்த்துகீசிய ஏடுகள் நைனா சட்டு என்று எழுதும் இந்து வணிகர். 1509இல் போர்த்துகீசியத் தளபதி செக்கேராவின் கப்பல்கள் மலாக்காவிலிருந்து தப்பி ஓடியபோது, ரூய் தெ அராவூஜோ முதலான போர்த்துகீசியர் கரையில் சிறைப்பட்டார்கள். அவர்களுக்கு உணவும் செய்தியும் கிடைக்க வழி செய்தவர் நைனா சட்டு. நகர் விழுந்ததும் அல்புகர்க் அவரையே கெலிங் மக்களுக்கும் பிற இந்துக்களுக்கும் பெண்டஹாரா, அதாவது தலைமை அதிகாரி, ஆக்கினார்.

புதிய ஆட்சியாளர்களிடம் பீரங்கி இருந்தது. சரக்கும் கப்பலும் வழித்தடமும் இல்லை. எந்த மாதத்தில் எந்தக் காற்று, எந்தத் துறையில் எந்தச் சரக்கு விலைபோகும், யாரிடம் கடன் சொல்லலாம் என்பதெல்லாம் கெலிங் வணிகர்களின் சொத்து. மர்த்தபானுக்கும் பழவேற்காட்டுக்கும் போர்த்துகீசிய அரசோடு கூட்டுச் சேர்ந்து கப்பல் விட்டார் நைனா சட்டு. 1513இல் மிளகு ஏற்றிய ஒரு ஜொங்குக் கப்பல் மலாக்காவிலிருந்து சீனாவுக்குப் புறப்பட்டது. அதில் அரசின் கணக்குப்பிள்ளையாகப் போனவர் ஜோர்ஜ் ஆல்வரெஸ். கடல்வழியே சீனக் கரையில் இறங்கிய முதல் போர்த்துகீசியர் என்று அவர் பெயர் வரலாற்றில் நிற்கிறது. அந்தப் பயணத்தின் முதலில் பாதி போர்த்துகல் அரசுடையது. மறுபாதி நைனா சட்டுவுடையது. ஐரோப்பியர் சீனாவுக்குப் போட்ட முதல் கடல்வழியில் ஒரு தமிழ் வணிகரின் பணம் சரிபாதி ஓடியிருக்கிறது. மலாக்காவைப் பற்றிய நம் பேச்சில் இது ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

அவரைத் துரோகி என்பாரும் உண்டு. தமிழர் பெருமை என்று தூக்கிப்பிடிப்பாரும் உண்டு. இரண்டுமே அவரை அவர் காலத்திலிருந்து பிடுங்கி எடுக்கும் பேச்சு. குஜராத்தி வணிகர்களோடு கடும் போட்டியில் இருந்த சமூகம் அது. சுல்தான் மஹ்மூத், தம் பெண்டஹாரா துன் முத்தாஹிரையே குடும்பத்தோடு கொன்ற ஆண்டு 1510. அப்படிப்பட்ட அரசவையின் நிழலில் ஒரு வணிகர் எந்தப் பக்கம் சாய்வார் என்பதை ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நாம் சொகுசாகத் தீர்ப்பிடக் கூடாது. அவருக்குக் கிடைத்த பரிசும் நெடுநாள் நிலைக்கவில்லை. பெண்டஹாரா பதவியைப் பறித்துக் கம்பார் அரசருக்குக் கொடுக்க முடிவானபோது, 1514 வாக்கில், அவர் இறந்தார். அவமானம் தாங்காமல் சந்தனமும் அகிலும் அடுக்கிய சிதையில் தாமே ஏறினார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதி வைத்தார்கள்.

இனி மறுதரப்பு. மலாக்காவை இழந்த சுல்தான் முதலில் செய்த காரியங்களுள் ஒன்று சீனாவுக்கு ஆள் அனுப்பியது. அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. 1405இல் மிங் பேரரசர் யோங்லே மலாக்காவுக்கு முத்திரையும் கல்வெட்டு வாசகமும் அளித்து அதைத் தம் ஆதரவு பெற்ற அரசாக ஏற்றிருந்தார். 1411இல் மலாக்கா அரசர் பரமேஸ்வரா மனைவி மக்களோடு 540 பேர் கொண்ட பரிவாரத்துடன் நேரில் போய் வணங்கி வந்தார். அந்தப் பழைய உறவை நம்பி, 1511க்குப் பின் சுல்தான் அனுப்பிய தூதரின் பெயரை அல்புகர்க்கின் வரலாற்று நூல் துவான் நாசெம் முதலியார் என்று தருகிறது. சுல்தானுக்கு மாமன் முறை என்றும் சொல்கிறது. மலாக்கா அரச குடும்பத்திலும் பெண்டஹாரா குடும்பத்திலும் தமிழ் முஸ்லிம் இரத்தம் கலந்திருந்தது தெரிந்ததே. துன் முத்தாஹிரின் முன்னோர் மணி புரிந்தான் கெலிங் நாட்டிலிருந்து வந்தவர் என்று மலாய் வரலாற்று ஏடே கூறும். ஆகவே, சுல்தானின் மாமனுக்கு முதலியார் என்ற பெயர் இருந்ததில் வியக்க ஒன்றுமில்லை.

நாசெம் முதலியாரின் தூது பலிக்கவில்லை. மலாக்காவில் சுல்தானிடம் தொல்லைப்பட்ட சீனக் கப்பல் தலைவர்கள் முற்றுகையின்போது அல்புகர்க்குக்கு உதவியவர்கள். அவர்கள் ஊர் திரும்பிச் சொன்ன செய்தி சுல்தானுக்குச் சாதகமாக இல்லை. வடக்கே தார்த்தாரியரோடு போர் இருக்கிறது என்று அரசவை கைவிரித்தது. முதலியார் திரும்பும் வழியிலேயே மனமுடைந்து இறந்தார். அந்நிய மண்ணில் அவரைப் புதைத்தார்கள். அவருடைய முறையீடு மட்டும் ஏதோ ஓர் அலுவலகத்தின் ஏட்டில் தங்கியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்; சில ஆண்டுகளில் அதே முறையீடு வேறொருவர் வாயிலிருந்து மீண்டும் எழுந்தது.

தோமே பீரெஸிடம் வருவோம். போர்த்துகல் இளவரசர் அபோன்சோவுக்கு மருந்து கலந்து கொடுத்தவர். 1511இல் இந்தியா வந்து கண்ணனூரிலும் கொச்சியிலும் மருந்துச் சரக்குகளின் பொறுப்பில் இருந்தார். 1512இல் மலாக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே இருந்த இரண்டரை ஆண்டுகளில் அவர் எழுதத் தொடங்கிய 'சுமா ஓரியென்டல்' என்ற நூல் செங்கடல் முதல் சீனா வரை எல்லாத் துறைகளையும் கணக்கெடுக்கிறது. மலாக்காவில் 84 மொழிகள் பேசப்படுவதாக எழுதியவர் அவரே. ஷாபண்டார் எனப்பட்ட நான்கு துறைமுக அதிகாரிகளில் ஒருவர் பொறுப்பில் கெலிங் நாட்டார், வங்காளிகள், பெகுவினர், பாசாய் மக்கள் ஆகியோர் இருந்தார்கள் என்ற விவரமும் அவரிடமிருந்தே நமக்குக் கிடைக்கிறது.

தெலுக் இந்தானில் இருந்து இந்தத் தொடரை எழுதும் எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்தது மலாக்காவுக்கு ஈயம் செலுத்திய ஊர்களின் பகுதி. புருவாஸ், மஞ்சோங், பெர்னாம் எனப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இன்று நாம் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் போய்வரும்போது பார்க்கும் பெர்னாம் ஆற்றின் கரையில் அன்று எடுத்த ஈயம் எவ்வளவு என்பது மலாக்காவில் ஒருவருக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. தோட்டங்களும் ரப்பரும் வருவதற்கு நாலு நூற்றாண்டு முன்பே இந்தக் கரை உலகச் சந்தையின் ஏட்டில் ஏறிவிட்டது. இந்த நூலின் முழுக் கையெழுத்துப்படி 1937இல்தான் பாரிஸ் நூலகம் ஒன்றில் அர்மாந்தோ கொர்தெசாவ் கண்ணில் பட்டது; 1944இல் அச்சேறியது.

அந்த நூலில் சீனாவைப் பற்றிய ஒரு கருத்தும் இருக்கிறது. மலாக்காவைப் பிடித்த ஆளுநர் பத்துக் கப்பல்களோடு போனால் சீனக் கடற்கரை முழுவதையும் பிடித்துவிடலாம் என்று பீரெஸ் எழுதியிருக்கிறார். அப்போது அவர் சீனாவைப் பார்த்ததில்லை. மலாக்கா அவ்வளவு எளிதில் விழுந்ததைக் கண்ட கண்ணோடு எழுதியது அது. அவர் கெட்ட மனிதர் என்று நான் நினைக்கவில்லை. கூர்மையான கண்ணும் பொறுமையும் உள்ளவர். 1516 ஜனவரி 27ஆம் தேதி கொச்சியிலிருந்து மன்னருக்கு அவர் எழுதிய கடிதம் முழுக்கக் கீழை நாட்டு மருந்துச் சரக்குகளைப் பற்றியது. எது எங்கே விளைகிறது என்று நிதானமாகச் சொல்கிறது. அப்படிப்பட்டவரையும் வெற்றியின் போதை பிடித்திருந்தது.

சீனாவுக்குப் போகும் தூதராக அவரையே தேர்ந்தார்கள். பிரபு குலம் இல்லாத ஒரு மருந்து வல்லுநருக்கு இது பெரிய ஏற்றம். பெர்னாவ் பெரெஸ் தெ அந்திராதெயின் தலைமையில் எட்டுக் கப்பல்கள் 1517 ஜூன் 17 அன்று மலாக்காவை விட்டன. ஆகஸ்ட் 15இல் துன்மென் வந்தன. இன்றைய ஹாங்காங்குக்குப் பக்கம். செப்டம்பர் இறுதியில் முத்து ஆற்றில் ஏறி கேண்டன் நகருக்கு முன் நங்கூரம் இட்டு, கொடி ஏற்றி, மரியாதைக்காகப் பீரங்கிகளை முழக்கினார்கள். நகர அதிகாரிகள் கொதித்துப்போனார்கள். அது எங்கள் ஊர் மரியாதை என்று பெர்னாவ் பெரெஸ் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தார். அவர் பக்குவம் தெரிந்தவர். போர்த்துகீசியரால் நஷ்டப்பட்டவர் யாரேனும் இருந்தால் வந்து ஈடு கேட்கலாம் என்று புறப்படும் முன் அறிவித்துவிட்டே போனார்.

அதிகாரிகளின் சிக்கல் வேறு. எந்தெந்த நாடு காணிக்கை கொண்டுவரலாம், எந்த வழியாக, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதெல்லாம் மிங் சட்டத்தொகுப்பில் எழுதப்பட்டிருந்தது. புரட்டிப் பார்த்தார்கள், போர்த்துகல் அதில் இல்லை. கு யிங்ஷியாங் என்ற அதிகாரி இவர்களுக்கு வணங்கும் முறையே தெரியவில்லை என்று கண்டு, குவாங்ஷியாவ் பௌத்தக் கோயிலில் மூன்று நாள் சடங்குப் பயிற்சி கொடுக்கச் செய்தார்.

சீன அரசவைக்குத் தூது போவது தமிழருக்குப் புதிதன்று. 1015இல் சோழர் தூதர்கள் சுங் அரசவைக்குப் போனார்கள். 1077இல் போன சோழர் குழுவில் 72 பேர். கொண்டுபோன பொருளுக்கு ஈடாக 81,800 கோவைச் செப்புக்காசு பெற்றுத் திரும்பினார்கள். நாம் கொடுப்பது காணிக்கை என்று அவர்கள் ஏட்டில் எழுதிக்கொள்வார்கள், நாம் வாங்கி வருவது இலாபம் என்று நம் ஏட்டில் எழுதிக்கொள்ளலாம். சோழ வணிகர்களுக்குத் தெரிந்திருந்த இந்த நடைமுறை பெர்னாவ் பெரெஸுக்குப் பாதி புரிந்தது. லிஸ்பனுக்குக் கொஞ்சமும் புரியவில்லை. மானுவலின் கடிதம் ஓர் அரசர் சமமான இன்னொரு அரசருக்கு எழுதும் தோரணையில் எழுதப்பட்டு, முத்திரையிடப்பட்டு, பீரெஸின் பெட்டியில் கிடந்தது.

பீரெஸ் கேண்டனிலேயே இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தார். அதற்குள் 1519இல் பெர்னாவ் பெரெஸின் தம்பி சிமாவ் தெ அந்திராதெ துன்மென்னுக்கு வந்து அண்ணன் சேர்த்த நல்ல பெயரைத் தரைமட்டமாக்கினார். அனுமதியில்லாமல் கோட்டை கட்டினார். சீன மண்ணில் தூக்குமரம் நட்டுத் தம் மாலுமி ஒருவனைத் தொங்கவிட்டார். கேட்க வந்த அதிகாரியை அடித்தார். கடத்திக்கொண்டு வரப்பட்ட குழந்தைகளை விலைக்கு வாங்கினார். அந்தக் குழந்தைகளைப் பறங்கியர் சுட்டுத் தின்கிறார்கள் என்ற பேச்சு குவாங்தோங் மாகாணம் முழுவதும் பரவியது. தின்றது பொய். வாங்கியது உண்மை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அதற்குமேல் எந்த வதந்தியும் தேவைப்பட்டிருக்காது.

1520 ஜனவரி 23 அன்று தூதுக்குழு ஒருவழியாக வடக்கே புறப்பட்டது. படகில் மெய்லிங் கணவாய் வரை, பிறகு மலைவழி, மே மாதம் நான்ஜிங். ஜெங்தே பேரரசர் அங்கேதான் இருந்தார். பெய்ஜிங்கில் வந்து பார்க்கச் சொன்னார். அரச காரியத்தில் நாட்டமில்லாத, புதுமையில் ஆசை கொண்ட இளைஞர் அவர். யாசான் என்று சீன ஏடுகள் குறிக்கும் மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விளையாட்டாக அந்நிய மொழி கற்றார். அரசரின் நெருக்கம் தந்த துணிச்சலில் யாசான் ஓர் அதிகாரியின் முன் மண்டியிட மறுத்து, பிரம்படி பட்டார்.

பெய்ஜிங்கில் மூன்று அடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. மானுவலின் கடிதத்தைப் பிரித்துப் படித்தபோது, கேண்டனில் மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிக் கொடுத்த கடிதத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று தெரிந்தது. பேரரசருக்குப் பணிந்து முத்திரை கேட்டு வருவதாகச் சீனக் கடிதம் சொல்லியிருந்தது. மொழிபெயர்ப்பாளர்களை விசாரித்தார்கள், உங்கள் நாட்டு வழக்கப்படி எழுதினோம் என்றார்கள். இவர்கள் ஒற்றர்கள் என்று அதிகாரிகள் முடிவுகட்டினார்கள். அடுத்து, சிமாவின் அட்டகாசங்கள் பற்றிய குவாங்தோங் புகார்கள் வந்து சேர்ந்தன. மூன்றாவதாக, துவான் முகமது வாய்திறந்தார்.

வணிகர் வேடத்தில் வந்து நாட்டை வேவு பார்ப்பது, பிறகு கோட்டை கட்டுவது, பிறகு ஊரைப் பிடிப்பது, இதுதான் இவர்கள் வழி. எங்கள் மலாக்காவுக்கு அதையே செய்தார்கள் என்றார் அவர். துன்மென்னில் ஏற்கெனவே ஒரு கோட்டை எழுந்திருந்தது. ஆகவே அவர் சொன்னதற்குச் சாட்சி தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ச்சியு தாவ்லோங் என்ற தணிக்கை அதிகாரி அரசவைக்கு விண்ணப்பம் எழுதினார்: மலாக்கா நம் பேரரசு அங்கீகரித்த நாடு, அதை விழுங்கியவர்களின் காணிக்கையை ஏற்கக் கூடாது, முதலில் அதை உரியவரிடம் திருப்பித் தரட்டும். இன்னொரு தணிக்கை அதிகாரியான ஹோ ஆவ் அவருக்குத் துணையாக எழுதினார். பேரரசர் ஜெங்தே சற்று இளகிய மனதோடு, வெளியூரார், வழக்கம் தெரியாது, போகப்போகத் தெரிந்துகொள்வார்கள் என்றாராம். ஆனால் அவரே படகு கவிழ்ந்து நீரில் விழுந்ததிலிருந்து நோயாளி. 1521 ஏப்ரலில் இறந்தார். அடுத்து வந்த ஜியாஜிங்குக்கு வயது பதின்மூன்று. ஆட்சி மூத்த அமைச்சர்களின் கைக்குப் போனது. யாசானுக்கு மரண தண்டனை. மே 22 அன்று பீரெஸ் பெய்ஜிங்கிலிருந்து வெளியேற்றப்பட்டார். பேரரசரின் முன் முறைப்படி நிற்கும் வாய்ப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

செப்டம்பர் 22இல் கேண்டன் திரும்பியவரை அங்கேயே பிடித்து வைத்தார்கள். மலாக்காவை அதன் அரசரிடம் ஒப்படைக்கும்படி உங்கள் மன்னருக்கு எழுது, அதுவரை நீ பிணை என்றார்கள். தமக்கு அந்த அதிகாரம் இல்லை என்று பீரெஸ் சொல்லிப் பார்த்தார். 1521இலும் 1522இலும் துன்மென் பக்கம் போர்த்துகீசியக் கப்பல்களுக்கும் சீனப் படைக்கும் சண்டை மூண்டது. இரண்டிலும் போர்த்துகீசியர் தோற்றார்கள். 1522 ஆகஸ்டில் பீரெஸின் கைகளில் விலங்கு ஏறியது. அவர் கொண்டுவந்த பரிசுகளும் வாங்கி வைத்திருந்த பட்டு, கஸ்தூரி, மருந்துக்கான ருபார்ப் வேர் எல்லாமும் பறிமுதலாயின. 1523 செப்டம்பரில், சண்டையில் பிடிபட்டவர்களில் 23 பேரைக் கண்டதுண்டமாக வெட்டிக் கொன்றார்கள்.

இவ்வளவும் நமக்குத் தெரிவது சிறையிலிருந்து கடத்தி வெளியே அனுப்பப்பட்ட கடிதங்களால். தூதுக்குழுவில் இருந்த கிறிஸ்தோவாவ் வியெய்ரா, பின்னர் பிடிபட்ட வாஸ்கோ கால்வோ ஆகியோர் எழுதியவை அவை. விலங்கு பூண்ட கையோடு அவர்கள் கேண்டனை எப்படிப் படையெடுத்துப் பிடிக்கலாம் என்றும் விவரமாக எழுதியிருக்கிறார்கள். ச்சியு தாவ்லோங்கின் அச்சம் வீண் அச்சம் அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பீரெஸ் 1524 மே மாதம் இறந்தார் என்கிறார் வியெய்ரா. இல்லை, உள்நாட்டில் ஓர் ஊரில் நெடுநாள் வாழ்ந்தார், அவர் மகளை நான் சந்தித்தேன் என்று போர்த்துகீசியப் பயணி பெர்னாவ் மென்தெஸ் பின்தோ எழுதினார். பின்தோ கதை சொல்வதில் வல்லவர். சிறைக்குள்ளே இருந்த வியெய்ராவையே நான் நம்புகிறேன். கிழக்கின் மருந்துகளை அத்தனை அன்போடு பட்டியலிட்ட மனிதர், தாம் செய்யாத குற்றங்களுக்கும் சேர்த்து விலை கொடுத்தார் என்பதை எழுதும்போது மனம் கனக்கிறது.

துவான் முகமதுவின் தரப்புக்கு என்ன கிடைத்தது? வழக்கில் வென்றார், ஊர் திரும்பவில்லை. மிங் அரசவை போர்த்துகீசியரைக் கண்டித்தது, சயாம் முதலான நாடுகள் மலாக்காவுக்கு உதவ வேண்டும் என்று ஆணையிட்டது. எந்த நாடும் அசையவில்லை. பெய்ஜிங்கும் ஒரு கப்பல் அனுப்பவில்லை. ஆனாலும் நாடிழந்த ஒரு சுல்தானின் தூதர், கையில் படை ஏதும் இல்லாமல், சொல்லை மட்டும் கொண்டு, சீனாவின் வாசலைப் போர்த்துகலுக்கு ஒரு தலைமுறைக் காலம் அடைத்துவிட்டார். 1557 வாக்கில் மக்காவ் துறையில் குடியிருக்க இடம் கிடைக்கும் வரை அவர்கள் கரையோரத் தீவுகளில் மறைந்து வணிகம் செய்யும்படி ஆயிற்று. நம் வட்டாரத்தின் அரசியல் வரலாற்றில் இதற்கு ஈடான தூதரக வெற்றியை நான் அறியேன். துவான் முகமதுவின் பெயர் நம் பள்ளிப் பாடநூல்களில் இடம்பெற வேண்டும்.

1526இல் போர்த்துகீசியர் பிந்தானையும் எரித்தார்கள். சுல்தான் மஹ்மூத் சுமத்திராவின் கம்பாருக்குப் போய் 1528இல் இறந்தார். அதே ஆண்டில், அவர் மகன் முஸாபர் ஷா மனைவி துன் தெராங்கோடும் மகன் ராஜா மன்சூரோடும் பேராக் ஆற்றங்கரையில் தானா அபாங் என்ற இடத்தில் அரசு அமைத்தார். கடலிலிருந்து அங்கே ஏறும் எந்தப் படகும் இன்றைய தெலுக் இந்தான் நகர் நிற்கும் வளைவைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். பேராக்கின் முதல் அரசியான துன் தெராங், கொலையுண்ட பெண்டஹாரா துன் முத்தாஹிரின் பேத்தி. மணி புரிந்தானின் வழி. பீரெஸ் கணக்கெடுத்த ஈயக் கரைகள் மலாக்காவின் கையைவிட்டு இந்தப் புதிய அரசின் கைக்கு வந்தது எப்படி, அந்த ஈயத்துக்காக அச்சேவும் டச்சுக்காரரும் இந்த ஆற்றுக்குள் எப்போது நுழைந்தார்கள் என்பது அடுத்த பகுதியில்.